ஜன்னல் இல்லாத பக்கம்

கார்த்தி,

காட்டேஜின் வடக்குச் சுவரில் ஜன்னல் வைக்க அனுமதி கிடைத்துவிட்டது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. கூடவே ஒரு படம். ரோஜாக்கொடியை ஒதுக்கிக் கட்டிவிட்டு, சுவரில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டு, அதன் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறாய். சதுரத்தின் மேல்கோடு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. பொதுப்பணித் துறையில் கட்டடங்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள் நான், என் கண்ணில் முதலில் அதுதான் படும். ப்ரியாவுக்கு ஏழாவது மாதம் என்பதை அதே செய்தியின் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். ஜன்னல் எதற்கு, அவசரம் எதற்கு என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு உன் அம்மாவுக்கு இன்னும் புத்தி மழுங்கவில்லை.

வருகிறோமா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். போனில் சொன்னால், "ம்மா, ஒரு மீட்டிங்ல இருக்கேன், கால் பேக் பண்றேன்" என்று வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. டெக்சஸில் நாங்கள் இப்போது இருக்கும் இந்த பேர்லேண்ட் ஊர்த் தமிழ்க்காரர்கள் பொங்கல் விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் எழுதும் கடிதம் ஒன்று வேண்டும் என்று உன் வசந்தா சித்தியிடம் கேட்டிருக்கிறார்கள். என் தங்கைக்கு எழுத வராது, என்னை மாட்டிவிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்று எதையாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

நாங்கள் திருச்சி வீட்டைக் காலி செய்துவிட்டு நியூ ஜெர்சியில் வந்து இறங்கிய நாளை நினைத்துப்பார். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியெல்லாம் உனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் பெரிய வீட்டைத் தாண்டிக் காரை ஓட்டிக்கொண்டு போய், தோட்டத்தின் கோடியில் நிறுத்தினாய். "ம்மா, ஸர்ப்ரைஸ்! ஃபுல் காட்டேஜும் உங்க ரெண்டு பேருக்குத்தான். ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்டு. ஒரிஜினல் தாட்ச் ரூஃப்!" என்றாய். அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, ரிட்டையர் ஆயி அமெரிக்கா வந்து கூரை வீட்டுல குடியேறிட்டோம்" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கூரையைப் பார்த்துப் பிரமிப்பாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அதைப் போல நேர்த்தியான வேலையை நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்துப் பணக்காரர் ஒருவர் இங்கிலாந்தைப் போலவே ஓர் எஸ்டேட் வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தன் தலைமைத் தோட்டக்காரனுக்குக் கட்டிய வீடு அது. நாணலை முழங்கை நீளத்துக்குக் கனமாக அடுக்கி, குத்துச்சரிவாக வேய்ந்திருந்தார்கள். சரிவு குறைந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி நாணல் அழுகிவிடும் என்பதற்காக அப்படி. தண்ணீரை வாங்கும் தகரக் குழாய் கிடையாது. கூரையின் விளிம்பையே சுவரைத் தாண்டி நன்றாக வெளியே இழுத்து, மழை சுவரில் படாமல் தள்ளிப்போய் விழும்படி செய்திருந்தார்கள். மாடி ஜன்னலுக்கு மேலே அந்தக் கூரை புருவம் மாதிரி வளைந்து போகும். கல்சுவர், சுண்ணாம்புச் சாந்து. முதல் ஒரு வாரம் உன் அப்பாவை இழுத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். "என் பையன் எனக்குப் பிடிச்ச மாதிரி பார்த்துக் குடுத்திருக்கான்" என்று இதே வசந்தாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

மகனுக்கு அட்வைஸ் சொல்லாமல் கடிதம் எழுதக் கூடாதாமே, ஒன்று சொல்கிறேன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், எந்தப் பக்கம் ஜன்னல் இல்லை என்று முதலில் பார். அந்த வீட்டின் கிழக்கில் ஜன்னல், தெற்கில் ஜன்னல், மேற்கில் இரண்டு. வடக்கில் மட்டும் மொட்டைச் சுவர். குளிருக்காக அடைத்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். குளிர்காலம் வந்தது. காற்று மேற்கிலிருந்துதான் முகத்தில் அறைந்தது. அந்தப் பக்கம் இரண்டு ஜன்னல் வைத்தவனுக்கு வடக்கில் என்ன பயம்? வடக்கே, மேட்டின்மேல், உன் வீடு இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். தோட்டத்திலிருந்து பெரிய வீட்டின் சமையலறைக்குப் போகும் பாதையைக்கூட வேலிச்செடிக்குப் பின்னால் பள்ளமாக வெட்டி, வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். நடப்பவனின் தலை தெரியாது. எனக்கு இது புரிந்த அன்று உன்னிடம் ஓடிவந்து சொல்ல நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்தால் வருத்தப்படுவான் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல அம்மா பார்.

அந்தப் பள்ளப் பாதையில்தான் இரண்டு வருஷம் உன் வீட்டுக்குச் சாப்பாடு போனது. "அத்தை, எங்க கிச்சன் ஓப்பன் கிச்சன், தாளிச்சா ஸ்மெல் சோஃபால நிக்குது. காட்டேஜ்லயே குக் பண்ணிடுங்களேன்" என்றாள் ப்ரியா. குக் பண்ணினேன். கூரை எரிந்துவிடும் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் நெருப்புக்குத் தடை போட்டிருந்தார்கள், அதனால் கரண்ட் அடுப்பு. சாமிக்கு விளக்கும் ஏற்றக் கூடாது. நீ எனக்கு பேட்டரி விளக்கு ஒன்று வாங்கித் தந்தாய். பிளாஸ்டிக் சுடர் நிஜம் போலவே ஆடும். அணைப்பதற்கு ரிமோட். காலையில் அப்பா தூக்குப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போவார், ராத்திரி கழுவாத பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வருவார். போகும்போதும் வரும்போதும் பாதையில் உதிர்ந்த நாணலைப் பொறுக்கிக் கையில் பிடித்துக்கொள்வார். சும்மா வர அவருக்குத் தெரியாது.

அவரைப் பற்றி உனக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். குவார்ட்டர்ஸில் இருந்தபோது எதிர்வீட்டு இன்ஸ்பெக்டரின் புது ஸ்கூட்டரில் நீ பந்தடித்து ஹெட்லைட்டை உடைத்தாய். அவர் கத்திக்கொண்டு வந்து நின்றார், தெருவே கூடிவிட்டது. நான் உன் காதைப் பிடித்து வெளியே இழுத்து வருவதற்குள் அப்பா முன்னால் போய், "நான்தாங்க உடைச்சேன். சைக்கிளைத் திருப்பறப்போ இடிச்சிட்டேன்" என்றார். அஞ்சலகக் குமாஸ்தா, பரம சாது, அவர் பொய் சொல்வார் என்று யார் நம்புவார்கள்? இன்ஸ்பெக்டர் அவரை நாலு பேர் முன்னால் கண் தெரியாத கபோதி என்று திட்டினார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நீ அவர் வேட்டியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். உள்ளே வந்ததும் நான் சண்டை போட்டேன். "விடும்மா. பெத்த புள்ளைய வெளியாளுங்க முன்னாடி விட்டுக்குடுக்கவா முடியும்?" என்றார். அன்று உனக்கு அழுகை வரவில்லை. நான் கவனித்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மற்றதை அப்பா பார்த்துக்கொள்வார் என்று அன்றைக்கே உனக்குப் புரிந்துவிட்டது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் ஊரில் பழைய கட்டடங்களைப் பொதுமக்கள் பார்ப்பதற்காகத் திறந்துவிடும் நாள். காட்டேஜில் விருந்தாளிகள் தங்கலாம், யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்பது அங்கே விதி என்று அதற்கு முந்தின வாரம்தான் எங்களுக்குச் சொன்னாய். "ஒன் டே தானேம்மா. உங்க திங்ஸ் எல்லாம் கராஜ்ல வச்சிடலாம். நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டு மாடில ரெஸ்ட் எடுங்க. ப்ளீஸ், புரிஞ்சுக்கோங்க" என்றாய். புரிந்துகொண்டோம். சாமி படங்கள், குக்கர், அப்பாவின் லுங்கி, என் தைலப் புட்டி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினோம். வாசலில் போட்டிருந்த கோலத்தை நீயே ஹோஸ் பைப் வைத்துக் கழுவினாய். தாளிப்பு வாசனைக்கு ஏதோ ஸ்ப்ரே அடித்தாய். விருந்தாளி தங்கலாம் என்றால், 'என் அப்பா அம்மா வந்து தங்கியிருக்கிறார்கள்' என்று சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அப்போதே தோன்றியது. எந்த விதி அதைத் தடுத்தது? தைலமும் லுங்கியும் படத்துக்குப் பொருந்தவில்லை, வேறொன்றும் இல்லை.

உன் வீட்டு மாடியில் கெஸ்ட் ரூம் ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அகலமான கட்டில், பக்கத்திலேயே பாத்ரூம், மடித்து வைத்த வெள்ளைத் துண்டுகள். அப்பா துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அதே மடிப்பில் வைத்தார். அந்த அறையின் ஜன்னலுக்கு நேரே காட்டேஜ். முதல் தடவையாக எங்கள் வீட்டை உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். கூரையும் புகைபோக்கியும் சுவர் முழுக்க ஏறிப் பூத்த ரோஜாவும் தெரிந்தன. கண்ணுக்கு அவ்வளவு அழகு. உள்ளே ஆள் இருக்கிறார்களா, இருந்தால் என்ன செய்கிறார்கள் என்று நீ இங்கிருந்து ஒரு நாளும் பார்த்திருக்க முடியாது. பார்க்க வேண்டிய அவசியமும் வராது, அதற்காகத்தான் ரோஜா.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையை காட்டேஜ் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். நான் போகிறேன் என்றேன். "நீ இரு, நான் பின்பக்கமா போயி எடுத்துட்டு வந்துடறேன், யாரு கண்ணுலயும் பட மாட்டேன்" என்று அப்பா கிளம்பினார். பெற்ற மகன் வீட்டுத் தோட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் போய்வரத் தெரிந்திருந்தது அவருக்கு. ரொம்ப நேரமாகியும் வரவில்லை. நான் அதே பள்ளப் பாதையில் இறங்கிப் போய், காட்டேஜின் பின்வாசலில் நின்றேன். முன் அறையில் கணப்படுப்பை ஒட்டிப் பத்துப் பதினைந்து பேர், கையில் காகிதக் கோப்பையோடு. நடுவில் நீ. ஓரத்தில் அப்பா, கையில் பாதையில் பொறுக்கிய நாணல் கட்டு.

தொப்பி போட்ட ஓர் அம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்து, நீங்கள்தான் இங்கே கேர்டேக்கரா என்று இங்கிலீஷில் கேட்டாள். அப்பா உன்னைப் பார்த்தார். நீயும் அவரைப் பார்த்தாய். அந்த நிமிஷத்தை உனக்குத் தள்ளுபடி செய்துவிடுகிறேன். அதிர்ச்சியில் நாக்கு எழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். "யெஸ் மேடம். ஐ லுக் ஆஃப்டர்" என்றார் அப்பா. அவள் காலிக் கோப்பையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து இன்னொருவர் நீட்டினார். நாணலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்பா எல்லோரிடமும் போய்க் கோப்பை வாங்க ஆரம்பித்தார்.

நீ பேச்சை நிறுத்தவில்லை. அந்த வடக்குச் சுவரைத் தட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாய். வேலைக்காரர்கள் எஜமானர் வீட்டைப் பார்க்கக் கூடாது, எஜமானர்கள் கண்ணில் வேலைக்காரர்களும் படக் கூடாது, அதற்காகவே இந்தப் பக்கம் ஜன்னல் வைக்காமல் கட்டினார்கள் என்றாய். "க்ளெவர், ரைட்?" என்றும் கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ வருத்தப்படுவாய் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்த விஷயம் உனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் எங்களை அங்கே இறக்கினாய். அப்பா உன் பக்கத்தில் வந்து நின்றார். நீ அவர் முகத்தைப் பார்த்தாய், கார்த்தி, நன்றாகப் பார்த்தாய். பார்த்துவிட்டு உன் காலிக் கோப்பையையும் அவர் கையிலிருந்த அடுக்கின்மேல் வைத்து, "தேங்க் யூ" என்றாய்.

சாயங்காலம் வந்து அப்பாவின் தோளில் கை போட்டு, "சாரிப்பா, கொஞ்சம் ஆக்வர்டா ஆயிடுச்சு. பட் நீங்க சூப்பரா மேனேஜ் பண்ணீங்க" என்றாயே, அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். மறுநாள் காலை அப்பா வழக்கம்போலப் பின்கதவால் வராமல், உன் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் வாசல் மணியை அடித்தார். நீ கதவைத் திறந்தாய். தூக்குப் பாத்திரத்தை நீட்டி, "கேர்டேக்கர் வந்திருக்கேன் சார்" என்றார். உன் அப்பா ஆயுசில் ஒருவரையும் குத்திப் பேசியதில்லை. அன்று பேசினார், அதையும் உனக்குத் தாங்கும்படி விளையாட்டாகப் பேசினார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ப்ரியா, கம் ஹியர், அப்பா ஜோக்கைக் கேளு" என்று அவளையும் கூப்பிட்டாய். நான் அன்றே வசந்தாவுக்குப் போன் போட்டேன். டெக்சஸ் வெயில் மூட்டுவலிக்கு நல்லது என்று உன்னிடம் சொன்னேன். நீயும் நம்பினாய், அல்லது நம்பினால் வசதி என்று விட்டுவிட்டாய்.

இங்கே வசந்தாவின் வீட்டில் சரித்திரம் எதுவும் கிடையாது. தெருவில் பத்து வீடும் ஒரே அச்சு. மேலே தார் அட்டைக் கூரை. எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு கராஜ் கதவு. சமையலறையில் நெருப்பு எரிகிறது, விளக்கு எரிகிறது. தாளித்தால் வீடு முழுக்க மணக்கிறது, ஒருவரும் சாகவில்லை. யாராவது வந்தால் வசந்தா, "இவங்க எங்க அத்தான்" என்று அப்பாவைத்தான் முதலில் அறிமுகம் செய்கிறாள். அப்பா எழுந்து கும்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில், அவர்கள் கையில் காலிக் கப் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

உன் கேள்விக்குப் பதில். நான் வரவில்லை. ஜன்னலை வைக்காதே. சரியாகத் தாங்கு கொடுக்காமல் அந்த வயசான சுவரை உடைத்தால் கூரை இறங்கும், இதை இன்ஜினியராகச் சொல்கிறேன். அம்மாவாகச் சொல்வது வேறு. ஜன்னல் வைத்தால் நான் உன் வீட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா வருவாரா என்று நீ கேட்பாய். கேட்டால் நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். அதனால்தான் நான் அவரிடம் கேட்கவில்லை. ப்ரியா கர்ப்பமாக இருப்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஆமாம், தெரியாது. எங்கள் இருவருக்கும் ஒரே போன், அது என் கையில். நீ வாரம் தவறாமல் கூப்பிடுகிறாய். அப்பா எங்கே என்று கேட்கிறாய். தூங்குகிறார் என்கிறேன், இங்கே உள்ள மீனாட்சி கோவிலுக்குப் போயிருக்கிறார் என்கிறேன். அவர் அடுத்த அறையில்தான் இருப்பார். போனை வைத்ததும் வந்து, "கார்த்தி கூப்பிட்டானாம்மா?" என்று கேட்பார். "இல்லைங்க, யாரோ ராங் நம்பர்" என்பேன். "வேலை ஜாஸ்தியா இருக்கும் அவனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். வர வர, அப்படிச் சொல்லும்போது அவர் குரல் இறங்குகிறது. அது எனக்குக் கேட்கிறது. கேட்டும் சொல்கிறேன். வசந்தாவுக்கும் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சுவர் கட்டியது நான், கார்த்தி. எந்தப் பக்கம் ஜன்னல் வைக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பொங்கல் விழா அன்று இந்த மலர் எல்லார் கையிலும் இருக்கும். உனக்கும் ஒரு பிரதி தபாலில் வரும். அப்பா எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து பின் அட்டை விளம்பரம் வரை விடாமல் படிப்பவர். அந்த ஹாலிலேயே உட்கார்ந்து இதையும் படிப்பார். நீ கூப்பிட்டதும், நான் மறைத்ததும், பேரனோ பேத்தியோ வரப்போவதும் ஒரே நேரத்தில் அவருக்குத் தெரியும். அதற்குள் யாராவது ஒருத்தி என்னிடம் வந்து, "என்ன ஆன்ட்டி, அங்கிள்கிட்ட போய் இப்படியா பண்ணுவீங்க?" என்று சத்தமாகக் கேட்டிருப்பாள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தாங்க அவளை அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்பார். அப்போது நான் அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று இப்போதே தெரிகிறது. ஹெட்லைட் உடைந்த அன்று நீ நின்றாயே, அதே மாதிரி.

அம்மா